வால் விடாத துணி

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பாமலேயே வைத்திருந்தேன். சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. ஆனால் தான் இல்லாத இடத்தில் நடந்த பேச்சைக்கூடப் பக்கத்தில் நின்று கேட்டவர் போலச் சொன்னார். அதோடு, கதையில் அடிபட்டவரே அவர்தான். அடிபட்டவர் சொல்லும் கதையில் இவ்வளவு கோபம் குறைவாக இருக்குமா என்று தோன்றியது.

அவர் பெயர் அர்த்தநாரி. சங்ககிரியில் பழைய என்ஜின்களை வாங்கி விற்பவர். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

வண்டிப் பட்டறை வைத்திருந்த செங்கோடன் மேஸ்திரிக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் மாரப்பன். குருவைவிட நாலு வயது மூத்தவர். காலமெல்லாம் லாரி ஓட்டி, முதுகு போன பிறகு ஸ்பேனர் பிடித்தவர். அதனால் மேஸ்திரி அவரை அண்ணா என்பார். அவர் மேஸ்திரியை மேஸ்திரி என்றே கூப்பிடுவார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. என்ஜினை இறக்கி ஏற்றும்போது, நட்டு எதுவும் உள்ளே விழுந்துவிடாமல் இருக்க, திறந்த வாய்களில் எல்லாம் துணி திணிப்பார்கள். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட். இது எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். இங்கே மட்டும் துணியின் நுனி ஒரு சாண் வெளியே தொங்க வேண்டும்.

"வால் விட்டு அடைங்க" என்பார் மேஸ்திரி.

மாரப்பன் ஒருநாள் கேட்டார். "வாலு எதுக்குங் மேஸ்திரி? கைக்கு இடைஞ்சலா இருக்குது."

"இடைஞ்சலா இருக்கட்டும்னுதானுங்க."

அந்தச் சமயத்தில் பாவாயியின் பிக்கப் வண்டிக்கு என்ஜின் போயிற்று. முட்டை ஏற்றிப் போய் விற்கும் அம்மா அவர். அர்த்தநாரியிடம், விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து கழற்றிய என்ஜின் இருந்தது.

"ஓடின என்ஜின்தானுங்களே?" என்று மாரப்பன் கேட்டார்.

"நல்லா ஓடின என்ஜினுங்க."

மேஸ்திரி தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். மாரப்பன் தனியாகவே என்ஜினை ஏற்றினார். அது அவருடைய முதல் தனி வேலை.

வண்டி கிளம்பியது. ஆனால் நின்ற இடத்தில் நடுங்கியது. கரும்புகை தள்ளியது. மேட்டில் இழுக்கவில்லை. பாவாயி ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"மாரப்பண்ணா, முட்டை ஏத்திட்டுப் போனேன், ஆம்லெட்டு எறக்கிட்டு வந்திருக்கறேன்."

மாரப்பன் டீசல் ஃபில்டரை மாற்றினார். லைனில் காற்று எடுத்தார். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார். பம்ப் டைமிங் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. எல்லாம் சரியாக இருந்ததால், என்ஜின்தான் கெட்டது என்று முடிவு செய்தார்.

டீக்கடையில் அர்த்தநாரியைப் பிடித்தார்.

"செத்த என்ஜினை என் தலையில கட்டிட்டீங்க."

"நல்ல என்ஜினுங்க அது."

"மாரியம்மன் முன்னாடி வந்து சொல்லுவீங்களா?"

நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத கேள்வி. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து கூடவே போனார்கள். கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றினார்கள். நான் கொடுத்தது நல்ல என்ஜின் என்று சொல்லி, அர்த்தநாரி உள்ளங்கையால் தீயை அணைத்தார்.

மறுநாளும் வண்டி நடுங்கியது.

பொய்ச் சத்தியம் செய்தவர் என்று யாரும் அவரை நேரில் சொல்லவில்லை. அவர் உள்ளே வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றது, அவ்வளவுதான். அவர் பைபாஸ் பக்கம் நடந்துபோய்த் தனியாக டீ குடிக்க ஆரம்பித்தார்.

மேஸ்திரி ஊரிலிருந்து வந்தார். மாரப்பன் சொன்னதை எல்லாம் கேட்டார். வண்டியின் பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார்.

"மூச்சு முட்டுதுங்ண்ணா. எங்கெங்க பாத்தீங்க?"

"எல்லாம் பாத்துட்டனுங். என்ஜின்ல பாக்காத எடமே இல்ல."

"நீங்க மாட்டினதை?"

"அது நானே மாட்டினதுங். சரியாத்தான் இருக்கும்."

மேஸ்திரி திருப்புளியை எடுத்து நீட்டினார். காற்றுக் குழாயைக் காட்டினார். மாரப்பன் கிளிப்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றினார். என்ஜினின் காற்று வாய்க்குள், ஆழத்தில், மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

அந்த வாரம் வந்த மூட்டை முழுக்க மஞ்சள் பனியன் துணி. பட்டறை மூலையில் அது இன்னும் பாதி கிடந்தது.

மாரப்பன் அதை நோண்டி எடுத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். துணியைச் சுருட்டி டிரவுசர் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி சரியாயிருச்சு" என்றார் மேஸ்திரி. "ஊர்ல என்னன்னு சொல்லப் போறீங்க?"

மாரப்பன் டிரவுசர் பையை அழுத்திக்கொண்டார்.

"டைமிங் கொஞ்சம் மாறியிருந்துச்சுன்னு சொல்லிக்கலாமுங்."

"துணிய எடுங்க."

எடுத்தார்.

"எப்படி இருந்துச்சோ அப்படியே உள்ள வைங்க."

"மேஸ்திரி..."

"வெச்சு, குழாயை மாட்டுங்க. காலைல வண்டிய நீங்களே ஓட்டணும்."

காலையில் அந்த வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு, நடுங்கி நடுங்கிக் கடைவீதியில் போனது. டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "மாரப்பா, வண்டிக்குக் குளிரு சொரமா?" என்று ஒருவர் கத்தினார். மாரப்பன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினார். மேஸ்திரி அதற்குள் அர்த்தநாரியை அழைத்து வந்திருந்தார். பாவாயியும் வந்திருந்தார். டீக்கடை மறுபடியும் கிளம்பி வந்தது.

மாரப்பன் பானெட்டைத் திறந்தார். குழாயைக் கழற்றினார்.

"அர்த்தநாரி, உள்ள ஒண்ணு இருக்குது, எடுங்க" என்றார் மேஸ்திரி.

வால் இல்லாததால் அது உடனே வரவில்லை. அர்த்தநாரி இரண்டு விரல்களை விட்டுத் துழாவினார். வழுக்கியது. மறுபடி விட்டார். மாரப்பன் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் எண்ணெய் ஊறிய மஞ்சள் துணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"யாரு கோமணமுங்க அது?" என்றார் பாவாயி.

யாரும் சிரிக்கவில்லை. மாரப்பன்தான் பதில் சொன்னார்.

"நான் வெச்சதுங்க. எடுக்க மறந்துட்டேன். இவர் என்ஜின் நல்ல என்ஜின்."

குழாயை மாட்டினார்கள். அர்த்தநாரியே ஏறிச் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரே சீராக ஓடியது. கூட்டம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றது.

மாரப்பனுக்குத் தாங்கவில்லை.

"சூடம் ஏத்துங்க" என்றார். "இனிமே இப்படி ஒரு தப்பு நடக்காதுன்னு எல்லார் முன்னாடியும் நானும் சத்தியம் பண்றேன்."

மேஸ்திரி அந்தத் துணியை உதறி மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"உங்க சத்தியம் எனக்கு எதுக்குங்ண்ணா? நான் வாலைத்தானே கேட்டேன்."

அர்த்தநாரி கதையை எப்போதும் இங்கே நிறுத்துவார்.

பட்டறைக்குள் இரண்டு பேர் மட்டும் பேசியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று போன மாதம் அவரிடம் கேட்டேன். கோயில் வாசலில் துணியை எடுத்த அன்று சாயங்காலமே மாரப்பன் தன் கடைக்கு வந்தார் என்றார். துணியைப் பையில் போட்டது, டைமிங் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தது, எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, நின்றபடியே டீ குடித்துவிட்டுப் போனாராம்.

என் சந்தேகம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. நான் நம்பாமல் இருந்தது அந்த இடத்தை அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கற்பூரம் வரும் இடத்தை மட்டும் அவர் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார். சொல்லும்போது வலது கை தானாக மூடிக்கொள்ளும். நல்ல மனிதர். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர். அவரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி எனக்குள் எழுவதற்கே வெட்கமாக இருந்தது. அவர் இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரிந்ததால்தான் எழுந்ததோ என்னவோ.

கடையில் வேறு யாரும் இல்லை. அவர் ஒரு என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, சூடத்து மேல கை வைக்கறதுக்கு முன்னாடி, அந்த என்ஜின் ஓடற சத்தத்தை ஒரு தடவையாவது நீங்க கேட்டிருந்தீங்களா?"