கொத்தவால் கேட்ட நாலு கலம்

அன்றைக்குச் சபையில் இருந்தவர்கள்: ராஜா திருமலைக்கண்டர், மந்திரி அரியநாயகம், ஊர்க்காவலுக்குத் தலைவரான கொத்தவால் மருதமுத்தர், ஏரிப் பொறியாளர் உலகநாதர், சாமரம் வீசுவோர் இருவர், வாசல் காவலன் ஒருவன், கணக்கர் சிற்றம்பலம். ஆக எட்டுப் பேர். முதலில் ஒன்பது என்றுதான் எழுதினார் கணக்கர். சிம்மாசனத்தடியில் படுத்திருந்த பூனையையும் சேர்த்துவிட்டார். உடனே அடித்துத் திருத்தினார். அந்த மாதத்தில் அது ஆறாவது திருத்தம். அதில் அவருக்குத் தனிப் பெருமை.

கொத்தவால் மீசையைத் தடவிக்கொண்டு தொடங்கினார்.

“மகாராஜா! பொறியாளருக்கு மாதம் இருபத்துநாலு கலம் நெல். எனக்கு இருபது. ராப்பகலாய்த் திருடனைத் துரத்துகிறவன் நான். மண் குழைக்கிறவருக்கு நாலு கலம் கூடவா?”

“திருடனைத் துரத்தக் கால் போதும் ஐயா. மதகு கட்டத் தலை வேண்டும்” என்றார் பொறியாளர்.

“களஞ்சியத்தில் ஒரு மணி கூட உபரி கிடையாதே!” என்றார் ராஜா.

மந்திரி கனைத்தார். “கணக்கருக்குப் பன்னிரண்டு கலம் தருகிறோம். உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அவ்வளவு பசிக்குமா? அதில் நாலை எடுத்தால் ஆயிற்று.”

சிற்றம்பலம் எழுதுவதை நிறுத்தினார். வீட்டில் அவரோடு ஏழு வாய். ஆளோ கூச்ச சுபாவம். அவர் பார்வை ராஜாவின் பாதத்துக்கு மேல் ஏறியதே இல்லை. பாதத்தைப் பார்த்தே பேசினார்.

“மகாராஜா, இருவருக்குமே இருபத்துநாலு வைக்கலாம். ஒரே ஒரு சந்தேகம். கொத்தவால் சென்ற மாதம் எத்தனை திருடர்களைப் பிடித்தார்?”

“பதினோரு பேர்!” மீசை இன்னும் ஏறியது.

“பொறியாளர் எத்தனை உடைப்பு அடைத்தார்?”

“ஒன்பது! மழையில் நின்று!”

“பதினோரு திருடர் என்றால் பதினோரு களவு. ஒன்பது உடைப்பு என்றால் ஒன்பது முறை கரை போயிருக்கிறது. களவு போகாமல் காக்கத்தானே கொத்தவால்? உடையாமல் கட்டத்தானே பொறியாளர்? களவுக்கு ஒரு கலம், உடைப்புக்கு ஒரு கலம் கழிப்போம். கொத்தவாலுக்குப் பதின்மூன்று. பொறியாளருக்குப் பதினைந்து.”

“பழைய இருபதே போதும், மகாராஜா!” என்று அலறினார் கொத்தவால்.

“எனக்கும் பழையதே!” என்றார் பொறியாளர்.

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். “முடியாது. ஏற்பாடு நன்றாயிருக்கிறது. இன்று முதல் அரண்மனைச் சம்பளம் எல்லாவற்றுக்கும் இதுதான்.”

கணக்கர் பூரித்துப்போனார். பூரிப்பில் வாய் சும்மா இருக்கவில்லை.

“அடியேனும் சளைத்தவனல்ல, மகாராஜா. இந்த மாதம் மட்டும் கணக்கில் ஆறு பிழைகளைப் பிடித்துத் திருத்தினேன்.”

“பலே! அந்த ஆறையும் எழுதினது யார்?”

அரண்மனையில் கணக்கு எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான்.

“கடைசிப் பிழை என்ன ஐயா?” என்றார் ராஜா.

“பூனையை ஆளாக எண்ணிவிட்டேன், மகாராஜா.”

ராஜா சிரித்த சிரிப்பில் சாமரம் நின்றுபோயிற்று. “சாதுரியத்துக்குப் பரிசு வேண்டாமா? அந்தப் பூனையை நீரே கொண்டுபோம். மிஞ்சிய நெல்லை எலியிடமிருந்து காக்கட்டும்.”

நாலு கலத்தைக் காக்கப்போனவர் வீட்டுக்கு வந்து கணக்கு எழுதினார். வாய் எட்டு, இந்த முறை பூனையைச் சேர்த்தது பிழையில்லை. மிச்சம் நெல், ஆறு கலம்.