சுவர்ப் பக்கத்து இலை

கத்தரி மூடியது. வெள்ளை இலை காம்போடு தரையில் விழுந்தது.

தெய்வசிகாமணி கையை நீட்டியபடி நின்றார். தடுப்பதற்காக நீட்டிய கை. அது பாதி வழியில் நின்றுவிட்டது.

"டீச்சர்."

மெர்சலின் திரும்பவில்லை. கத்தரியின் வாயை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். அடுத்த இலையின் காம்பைப் பிடித்தாள். தாம்பாளம் அளவு இலை. பச்சை ஒரு பொட்டுகூட இல்லை. கத்தரி மறுபடி மூடியது.

"டீச்சர், நாலு மணிக்கு எல்லாரும் வர்றாங்க."

"தெரியும் சார். குரூப்புல பார்த்தேன்."

மூன்றாவது இலை இன்னும் முழுதாக விரியவில்லை. சுருட்டிய காகிதம் போல மேல்நோக்கி நின்றது. இன்று மாலை விரியும் என்றுதான் தெய்வசிகாமணி, செடி வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் இருந்து பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அழைத்திருந்தார். மெர்சலின் அதையும் வெட்டினாள்.

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். உட்காரவில்லை.

அவருக்கு அறுபத்தொரு வயது. துறைமுகத்தில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மெர்சலினுக்கு முப்பத்து மூன்று. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நான்கு வருடத்துக்கு முன்பு, விடாத இருமலுக்காக நெஞ்சைப் படம் எடுக்கப் போனபோது, அவளுடைய மேசை மேல் தண்ணீர்ப் பாட்டிலில் ஒரு இலை நிற்பதைப் பார்த்தார். பாதி பச்சை, பாதி வெள்ளை. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள் அவள். அவர் அந்த இலையைப் பார்த்துக்கொண்டே பிடித்தார். விடச் சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அது மான்ஸ்டெரா. மழைக்காட்டில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. வெள்ளை விழுந்த வகை அபூர்வம். தனக்கும் வளர்க்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள்.

போனார். அவள் ஒரு மண் தொட்டியைக் கொடுத்தாள். உள்ளே தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் கலந்த மண். செடி இல்லை. தண்ணீர் ஊற்றித் தினமும் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் தூக்கினார். காலையில் பால்கனியில் நின்று வெறும் தொட்டியைத் தூக்கித் தூக்கி வைப்பதை எதிர்வீட்டு வரதராஜுலு பார்த்துவிட்டு, ஜிம்முக்குப் பணம் கட்டவில்லையா என்று கேட்டார். தன்னைவிட இருபத்தெட்டு வயது இளையவளிடம் டியூஷன் போகிறார் என்று படிக்கட்டில் நின்று எல்லோரிடமும் சொன்னார். அந்தக் கேலியில் இருந்துதான் 'டீச்சர்' என்ற பெயர் வந்தது. நாளாக ஆக அதில் இருந்த கேலி போய்விட்டது.

மூன்றாவது மாதம் மெர்சலின் தன் செடியில் இருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"தூக்கிப் பார்க்காம தண்ணி ஊத்தாதீங்க சார்."

இப்போது அந்தச் செடி கூடத்தில், ஜன்னல் சுவர் ஓரமாக, தேக்குப் பீடத்தின் மேல், தலைக்கு மேலே இரண்டு விளக்குகளுடன் நின்றது. சிறிது நேரத்துக்கு முன்புவரை மூன்று வெள்ளை இலைகளுடன் நின்றது. குழுவில் அதற்குக் கல்யாணப் பெண் என்று பெயர். கடைசி இலையின் படத்தை அவர் போட்டபோது, இப்படி ஒரு வெள்ளையை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கோயம்புத்தூரில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

மெர்சலின் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்திருந்தாள். எல்லோரும் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்தாள். இந்த வீட்டுக்கு அவள் வருவது இது முதல் முறை. பாடமெல்லாம் அவள் வீட்டில்தான் நடந்தது. வந்தவள் காபி வேண்டாம் என்றாள். சுவர் முழுவதும் இருந்த அவருடைய மகனின் படங்களை ஒரு பார்வை பார்த்தாள். ஜெர்மனியில் பட்டம் வாங்கும் படம், பனியில் நிற்கும் படம், காரில் சாய்ந்து நிற்கும் படம். எல்லாம் அவர் ஏற்கெனவே போனில் காட்டியவை. பிறகு பீடத்தருகே போய்த் தொட்டியை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கினாள். கீழே வைத்தாள். பையில் இருந்து கத்தரியை எடுத்தாள்.

"எதுக்கு டீச்சர் வெட்டுனீங்க?" என்றார் தெய்வசிகாமணி.

"எப்ப தண்ணி ஊத்துனீங்க?"

"போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை."

"ஒம்போது நாள் ஆச்சு. இன்னும் ஊத்துன கனம் அப்படியே இருக்கு. நீங்க தூக்கிப் பார்க்கலயா?"

விளக்கும், கொடி பற்றி ஏற நார் சுற்றிய கம்பமும் வந்த பிறகு தூக்குவது சிரமமாகிவிட்டது. நீண்ட மூக்கு வைத்த பூவாளியால் முன்பக்கம் நின்றே ஊற்றிவந்தார்.

மெர்சலின் தரையில் செய்தித்தாளை விரித்தாள். செடியைக் கம்பத்தோடு சேர்த்துத் தொட்டியில் இருந்து வெளியே எடுத்து, வந்தபடியே கிடத்தினாள். சாக்கடை வாசம் எழுந்தது. வேர்களில் பாதி பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்து வருவதாக இருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள்.

தெய்வசிகாமணி சுவரில் சாய்ந்தார். காலையில்கூட இந்தச் செடியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"வெள்ளை இலை சமைக்காது சார். சாப்பிட மட்டும்தான் தெரியும்."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் வேரை வெட்டிக்கொண்டே சொன்னாள். இலையில் பச்சை இருக்கும் இடத்தில்தான் வெளிச்சம் சோறாகிறது. வெள்ளை இருக்கும் இடத்தில் ஒன்றும் ஆவதில்லை. வேர் தண்ணீரை இழுக்க வேண்டுமானாலும் மேலே யாராவது வேலை செய்ய வேண்டும்.

"பச்சை இலையெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அவர் மெதுவாகச் சொன்னார். வெள்ளை அதிகமாக வர ஆரம்பித்தது போன வருடம். பச்சை இலைகள் சத்தை இழுத்துக்கொள்கின்றன, வெள்ளைக்குப் போய்ச் சேர விடுவதில்லை என்று அவருக்குத் தோன்றியது. கீழே இருந்த பச்சை இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். எடுக்க எடுக்க மேலே வெள்ளை வந்தது; பழைய வெள்ளை கருகி உதிர்ந்தாலும் புதியது வந்தது. தான் செய்தது சரி என்று நினைத்தார்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அடியில. இங்க வந்து விரிஞ்ச முதல் இலை. பெயின்ட் அடிக்க வந்தவன் ஏணி பட்டுக் கிழிஞ்சு போச்சு. பார்க்க நல்லா இல்ல. எனக்குக் கழுத்து பிடிச்சிருந்துச்சு, குனிய முடியல. வீட்டுல சொல்லி வெட்டச் சொன்னேன்."

"எப்ப?"

"எட்டு மாசம் இருக்கும்."

மெர்சலினின் கை நின்றது. அவள் தரையில் கிடந்த மூன்று இலைகளையும் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வந்ததில் இருந்து முதல் முறையாக அவள் முகம் மாறியது.

"எட்டு மாசமா பச்சையே இல்லையா?"

"இல்ல."

"அப்புறமா ரெண்டு இலை விட்டுச்சா?"

"ரெண்டு. இப்ப நீங்க வெட்டுன சுருள் மூணாவது."

"அப்படின்னா இது எப்பவோ செத்திருக்கணும் சார்."

மேலே மின்விசிறி ஓடியது. செய்தித்தாளின் ஓரம் எழுந்து எழுந்து படிந்தது.

"எதைச் சாப்பிட்டுச்சு இது?" என்றாள் மெர்சலின். அவரிடம் கேட்டதுபோல இல்லை.

செடி பற்றி ஏறியிருந்த தென்னை நார்க் கம்பம் தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. அதை அவள் புரட்டினாள். பீடத்தின் மேல் இருக்கும்போது சுவரையும் ஜன்னலையும் பார்த்து நிற்கும் பக்கம் மேலே வந்தது.

அடியில் ஒரு இலை இருந்தது. நீலத் துணிக்கிழிசலால் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இறுக்காமல், காம்புக்கு ஒரு விரல் இடம் விட்டுக் கட்டிய கட்டு. ஓரத்தில் கிழிந்த இலை. சுண்ணாம்பு தெறித்ததுபோல நாலைந்து இடத்தில் வெள்ளை. மற்றதெல்லாம் பச்சை. கறுப்பு என்று சொல்லும்படியான பச்சை. மேலே தூசு இல்லை. யாரோ துடைத்துவந்திருக்கிறார்கள்.

தெய்வசிகாமணி குனிந்தார். கழுத்து வலித்தது. அப்படியே குனிந்து நின்றார்.

சமையலறைப் பக்கம் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பின் படிக்கட்டு வழியாக ஏறி வந்த ஒரு பெண், கூடத்தைத் தாண்டி உள்ளே போகப் பார்த்து, தரையில் கிடந்ததைக் கண்டு நின்றுவிட்டாள். முப்பது வயது இருக்கும். நீலச் சீருடை. முழங்கை வரை கரி. கையில் மஞ்சள் ஹெல்மெட்.

"யாரு சார்?" என்று மெர்சலின் மெல்லக் கேட்டாள்.

"என் பொண்ணு. நிறைமதி." கொஞ்சம் இடைவெளி விட்டு, "ரயில் பெட்டி பணிமனையில வெல்டரா இருக்கா," என்றார்.

நான்கு வருடத்தில் மெர்சலின் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. வணக்கம் சொன்னாள். நிறைமதியும் சொன்னாள். கரி பட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஆட்கள் வருவதற்குள் உள்ளே போய்விடுவதாக அப்பாவிடம் சொன்னாள்.

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. இலையைக் காட்டினார்.

"வெட்டச் சொன்னேனே."

"ஆமாப்பா."

"வெட்டிட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன். வெட்டப் போனேன். நல்லா இருந்த இலை, மனசு வரல. உங்க கண்ணுல படாம இருந்தா போதும்னு அந்தப் பக்கமா கட்டிட்டேன்."

"எட்டு மாசமா ஏன் சொல்லல?"

நிறைமதி யோசித்தாள். குற்றம் சொல்லும் முகமாக இல்லை அது. உண்மையில் காரணத்தைத் தேடுவதுபோல இருந்தது.

"நீங்க அந்தப் பக்கம் வரவே இல்லையேப்பா. வந்தா தெரியும்னு நினைச்சேன்."

அவர் நீலத் துணிக் கட்டை விரலால் தொட்டார்.

மெர்சலின் அந்த இலைக்கு மேலே தண்டைத் தடவிப் பார்த்தாள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில் நகம் அளவு ஒரு மொட்டு இருந்தது. அங்கே தண்டில் பச்சைக் கோடும் வெள்ளைக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அதற்கு இரண்டு விரல் மேலே கத்தரியை வைத்தாள். இந்த முறை அவர் கையை நீட்டவில்லை. நான்கு வருடம் ஏறிய கொடி, கம்பத்தோடு தனியாகப் பிரிந்து வந்தது. வெட்டிய வாய் அழுகாமல் இருக்க இலவங்கப்பட்டைத் தூளைத் தடவினாள். புது மண் நிரப்பிய சின்னத் தொட்டியில், ஒரு சாண் தண்டும் ஒரு கிழிந்த இலையும் மட்டும் நின்றன. நீலத் துணியை அவிழ்த்து மடித்து நிறைமதியிடம் கொடுத்தாள்.

தெய்வசிகாமணி தேக்குப் பீடத்தைப் பார்த்தார். அதன் மேல் இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. கீழே செய்தித்தாளில் கல்யாணப் பெண் கிடந்தாள்.

"பிழைக்குமா டீச்சர்?"

"இந்த இலை இருக்கிற வரைக்கும் பிழைக்கும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று ஆரம்பித்து, அதை விட்டுவிட்டார். வேறு ஏதோ கேட்க நினைத்து அதையும் விட்டார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான்கு வருடம் தினமும் இதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இலைக்கு இலை படம் வரைந்து வைத்திருக்கிறேன். எப்படித் தெரியாமல் போனது?

மெர்சலின் கத்தரியைத் துடைத்துப் பையில் போட்டாள். தொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பார்த்தா தெரியாது சார். தூக்கிப் பார்க்கணும்."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் நாலைந்து குரல்கள், செருப்பு கழற்றும் சத்தம். வரதராஜுலுவின் சிரிப்பும் கேட்டது. நிறைமதி உள்ளே போகத் திரும்பினாள்.

தெய்வசிகாமணி அவள் கையில் இருந்த ஹெல்மெட்டை வாங்கினார். அதுவரை அதை அவர் தொட்டதில்லை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு விளக்குகளுக்குக் கீழே, பீடத்தின் மேல் அதை வைத்துவிட்டு, கதவைத் திறக்கப் போனார்.