நாலு மணிக்குத் தட்டுவது யார்

“அய்யா, என்னைய அங்கயே விட்டுட்டீங்க. திரும்பக் கூட்டிட்டு வாங்க.”

வந்த காலோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், செண்பகவல்லி சொன்ன முதல் பேச்சு இதுதான்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ககனன். அறுநூற்று நாற்பது விஞ்ஞான நாவல் எழுதிய மனுஷர். சாத்தூர் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தார். ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் வாரம் மூன்று பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக் கொடுத்தார். தந்தி போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ககனன் எண்பத்தொரு வயதில் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

“எங்க விட்டேன்?” என்றார்.

“கோள் நம்பர் நாப்பத்தொண்ணுல.”

வேறு ஆளாக இருந்தால், வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாயா என்று கேட்டிருப்பார். ககனன் கேட்டது வேறு.

“எந்த வருஷம்?”

“தொண்ணூறு.”

“வெளிச்சக் காவல்,” என்றார் அவர். “பதினெட்டு அத்தியாயம். கதவைச் சாத்திட்டு உக்காரு தாயி. லாரிப் புழுதி வருது.”

செண்பகவல்லி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சாத்துவதில் அவள் கெட்டிக்காரி.

ககனனிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாரம் மூன்று கதை எழுதுகிறவருக்குப் பாத்திரங்களுக்குப் பெயர் யோசிக்க ஏது நேரம்? வாசகர் கடிதக் கட்டில் கையை விடுவார். எந்தப் பெயர் வருகிறதோ அந்தப் பெயர் ராக்கெட்டில் ஏறிவிடும். இப்படித்தான் சிவகாசி அச்சாபீஸ்காரர் ஒருவர் செவ்வாயில் கத்தரிக்காய் போட்டார். பரமக்குடி வாத்தியார் ஒருவரை மூன்று தலை ஜந்து விழுங்கியது. அந்தப் பக்கத்தை வகுப்பு வகுப்பாகக் காட்டிப் பெருமைப்பட்டாராம் வாத்தியார்.

கோவில்பட்டி செண்பகவல்லி போஸ்ட் கார்டு போட்டபோது அவளுக்குப் பதினெட்டு வயது. இரண்டே மாதத்தில் அவளைக் கோளுக்கு அனுப்பிவிட்டார்.

மனுஷ வாடையே இல்லாத கோள். அங்கே ஒரு நிலையம். நிலையத்தின் உச்சியில் ஒரு விளக்கு. அந்தப் பக்கம் போகிற கப்பல்கள் வழி தவறாமல் இருக்க, ராத்திரி பகல் தெரியாத அந்த ஊரில் விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சட்டம் ஒன்றே ஒன்று. முதல் அத்தியாயத்திலேயே போட்டிருந்தார். கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய்விடும். திறக்கவே கூடாது.

பதினெட்டாவது அத்தியாயத்தின் கடைசி வரியில், ஆளே இல்லாத அந்தக் கோளில், மாலை நாலு மணிக்கு, யாரோ கதவை மூன்று முறை தட்டினார்கள்.

தொடரும் என்று போட்டிருந்தது. தொடரவில்லை. அந்த வாரத்தோடு பத்திரிகையை மூடிவிட்டார்கள்.

“சேவு சாப்புடு,” என்று தட்டைத் தள்ளினார் ககனன். “உன்னை மாதிரி ஆள் வர்றது புதுசு இல்ல. போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. வியாழன்ல விட்டுட்டு வந்த செருப்பு கிடைக்குமான்னு கேட்டாரு.”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

“எனக்கு அது கேக்குது அய்யா.”

“எது?”

“தட்டுறது. தினம் நாலு மணிக்கு. முப்பத்து நாலு வருஷமா.”

ககனன் சேவு எடுத்த கையைத் தட்டிலேயே வைத்தார்.

“எந்தக் கதவுல?”

“நான் எங்க இருக்கனோ அங்க. சமையக்கட்டுல இருந்தா சமையக்கட்டுக் கதவு. மக பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். அங்கயும் கேட்டுச்சு. நர்ஸ்கிட்ட, தொறந்துராதீங்கன்னு கெஞ்சினேன். மயக்க மருந்துன்னு நெனச்சுக்கிட்டாங்க.”

நாலு மணி ஆனால் அவளுக்கு உள்ளங்கால் சில்லென்று போகும். வாயில் இரும்பு நக்கின ருசி வரும். வீட்டில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு நடுவீட்டில் நிற்பாள். பால்காரர் தட்டினாலும் திறக்கமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகள் தாரணி, பையைச் சுமந்துகொண்டு பத்து நிமிஷம் வெயிலில் நிற்பாள். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அப்படித்தான் என்று அந்தப் பிள்ளை ரொம்ப நாள் நினைத்திருந்தது.

“தாரணிக்கு வர்ற புதன்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்கு வர்றாங்க. நல்ல நேரம் அதுதானாம். ஆரத்தித் தட்டோட வாசல்ல நிக்க வேண்டியவ நான். நேத்து தாரணி என்கிட்ட கேட்டா.”

“என்ன கேட்டா?”

“‘அம்மா, அன்னைக்காவது கதவத் தொறப்பியா?’ன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. அவ அழுதா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பெத்த பிள்ளை அழுவுது, எனக்கு ஒண்ணுமே தோணல அய்யா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ அழுவுற மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, நான் இங்க இல்ல, அங்கயே இருக்கேன்னு.”

ககனன் சேவுத் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

“டாக்டர் சத்து மாத்திரை குடுத்தாரு. எங்க வீட்டுக்காரர் குலசாமிக்கு நேர்ந்துக்கிட்டாரு. ஒண்ணுக்கும் அடங்கல. எழுதினது நீங்க. நீங்கதான் முடிக்கணும். தட்டுறது யாரு?”

“தெரியாது.”

“எழுதினவருக்கே தெரியாதா?”

“வாரம் மூணு கதை எழுதினவன் நான். அடுத்த வாரம் என்ன நடக்கும்னு அடுத்த வாரம்தான் தெரியும்.”

செண்பகவல்லிக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

“அப்ப ஒரு வரி எழுதுங்க. யாரும் இல்ல, வெறும் காத்துதான்னு எழுதிருங்க. நான் போயிருதேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

ககனன் எழுந்தார். மூலையில் தமிழ் டைப்ரைட்டர் இருந்தது. காகிதத்தைச் சுருட்டி ஏற்றினார். அந்த வயதிலும் விரல்கள் பறந்தன. உருவி எடுத்து அவளிடம் நீட்டினார்.

*கதவுக்கு வெளியே யாரும் இல்லை. ஒருபோதும் யாரும் இருந்ததில்லை. இனித் தட்டும் சத்தம் கேட்காது.*

“போதுமா?”

அவள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். இதற்குத்தானே பஸ் ஏறி வந்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? அவளால் மடிக்க முடியவில்லை.

“வேண்டாம் அய்யா.”

“ஏன்?”

“முப்பத்து நாலு வருஷமா நின்னு தட்டுது. ஒரு நாள்கூட வராம இருந்ததில்ல. யாரும் இல்லன்னு எப்படிச் சொல்றது?” காகிதத்தை அவரிடமே நீட்டினாள். “பாவம் அய்யா.”

ககனன் அவளை உற்றுப் பார்த்தார். காகிதத்தை வாங்கிக் கிழித்தார்.

“எப்படித் தட்டுது? தட்டிக் காட்டு.”

செண்பகவல்லி விரலை மடக்கி மேசைமேல் தட்டினாள். இரண்டு தட்டு. நிறுத்தினாள். பிறகு ஒன்று.

ககனன் முகம் மாறியது. முப்பது வருஷம் தந்திச் சத்தம் கேட்ட காது அது.

“மறுபடி தட்டு.”

இரண்டு. ஒரு நிறுத்தம். ஒன்று.

“பத்திரிகையில இப்படி வரலையே?”

“இல்ல. ‘மூன்று முறை’ன்னுதான் இருந்துச்சு.”

“அது ஆசிரியர் வெட்டினது. இடம் பத்தலன்னாரு. நான் எழுதினது நீ தட்டினது. எழுதினது எனக்குத் தெரியும், வெட்டினது அவருக்குத் தெரியும். அவரும் போய்ச் சேந்து இருபது வருஷம் ஆச்சு.”

வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. வெளியே லாரிச் சத்தம்கூட நின்றிருந்தது.

“நீங்க எங்கருந்து எடுத்தீங்க அய்யா, அந்தத் தட்ட?”

ககனன் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். பெயர் எடுத்த கார்டுகளை அவர் தூரப் போடுகிறதில்லை. நாம் அனுப்பிவைத்த ஆட்கள், விலாசமாவது இருக்கட்டும் என்பார். வருஷவாரியாகக் கட்டுப் போட்டிருந்தார். தொண்ணூறாம் வருஷக் கட்டை அவிழ்த்து, பழுத்துப்போன போஸ்ட் கார்டு ஒன்றை உருவி அவள் கையில் கொடுத்தார்.

கோவில்பட்டி முத்திரை. இடப்பக்கம் சாய்ந்த, அவசரக் கையெழுத்து. இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் நுணுக்கி எழுதியிருந்தது. யாரோ ஒரு வாயாடிப் பெண்ணின் கையெழுத்து என்று நினைத்தபடி வாசிக்க ஆரம்பித்தாள்.

*ககனன் அய்யாவுக்கு வணக்கம். உங்கள் கதையில் எப்போதும் ஆம்பளைகளே ராக்கெட்டில் போகிறார்கள். இது அநியாயம். என்னை அனுப்புங்கள். சோறு தண்ணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்குப் பயமே கிடையாது. எங்கள் வீட்டில் என்னைப் பேய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கட்டாயம் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். நான் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரெண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் ஒண்ணு தட்டுவேன். அது நான்தான். உடனே திறக்கச் சொல்லுங்கள். எனக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. இப்படிக்கு, செண்பகவல்லி.*

அவள் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். விலாசம் அவள் பிறந்த வீட்டு விலாசம்தான்.

இப்படித் தட்டுவதை அவள் சுத்தமாக மறந்திருந்தாள். கல்யாணமான பிறகு அவள் எந்தக் கதவையும் தட்டியதே இல்லை. உள்ளே இருப்பவள் எப்போதும் அவள்தான். தட்டுவது மற்றவர்கள்.

“அப்ப வெளிய நிக்கிறது...” என்றாள்.

ககனன் கார்டில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

“அப்ப உள்ள இருக்கறது யாரு அய்யா?”

“அதத்தான் பத்தொம்பதாவது அத்தியாயத்துல எழுதலாம்னு இருந்தேன். பத்திரிகை நின்னுபோச்சு.”

அவளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. வாயில் இரும்பு ருசி ஏறியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

டக். டக்.

டக்.

தெருக் கதவில்தான் கேட்டது. அவள் கையால் தாழ்ப்பாள் போட்ட கதவு.

செண்பகவல்லி ககனனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் கூட இருந்த யாருக்கும் அது கேட்டதில்லை. ககனனின் கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது.

“உங்களுக்கும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. ஆனா என்னையத் தேடி நாலு மணிக்கு யாரும் வர்றதில்ல தாயி.”

டக். டக்.

“தொறந்தா காத்து போயிடும் அய்யா.”

“யாரு சொன்னா?”

“நீங்கதானே எழுதியிருந்தீங்க!”

“ஆமா,” என்றார் ககனன். “அறுநூத்தி நாப்பது கதை எழுதினேன். ஒரு கோளுக்காவது போயிருப்பனா நான்?”

டக்.

இந்தத் தடவை மெதுவாகக் கேட்டது. தட்டித் தட்டிக் கை ஓய்ந்த ஆள் தட்டுகிற மாதிரி இருந்தது. பொறுமையே கிடையாது என்று எழுதிய பெண், முப்பத்து நாலு வருஷம் வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். வெயிலில் பையோடு நின்ற தாரணியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த முகம் எப்படி வாடியிருந்தது என்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

எழுந்தாள். கார்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நடந்தாள்.

“இந்தா வந்துட்டேன்,” என்றாள். “வந்துட்டேன் தாயி.”

தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள்.

காற்று உள்ளே வந்தது.