பிடரியில் ஒரு கை

வேலுத்தாய் மலையடி மடத்துக்கு வந்தபோது இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. மூத்தவன் கிணற்றில் விழுந்து செத்துப்போயிருந்தான். அன்று முதல் இளையவனை அவள் தரையில் இறக்கியதில்லை. அவனுக்கு இன்னும் நடக்க வரவில்லை.

மடத்தை நடத்திய சாமியம்மா வேட்டைநாய் வளர்த்த வீட்டில் பிறந்தவர். துறவுக்கு வந்தபோதும் ஒரு ராஜபாளையம் நாயைக் கூட்டி வந்திருந்தார். பால் வெள்ளை. ரோஜா நிற மூக்கு. இறங்கிய நெஞ்சு. நிமிர்ந்து நின்றால் வேலுத்தாயின் இடுப்புக்கு வரும். பிறவியிலேயே காது கேட்காது. கூடப் பிறந்த செவிட்டுக் குட்டிகளை உதவாது என்று அப்போதே புதைத்துவிட்டார்கள். இது ஒன்றுதான் மிச்சம். பெயர் சங்கு.

"செவிட்டு நாய்க்குச் சங்குன்னு பேரா?" என்றாள் வேலுத்தாய்.

"கூப்பிடறதுக்கா பேர் வச்சேன்?"

"கட்டிப் போடுங்க, சாமியம்மா. பிள்ளையை அது பாக்கிற பார்வையே சரியில்ல."

"எல்லாரையும் அப்படித்தான் பாக்கும். காது வேலையையும் கண்ணுதானே பாக்கணும்."

வேலுத்தாய் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து கேட்க நினைத்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"எனக்கு இந்தப் பயம் எப்பத்தான் போகும்?"

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்க வீட்டுல குட்டிக்குப் 'பிடி' சொல்லித் தர மாட்டாங்க. அது ரத்தத்துலயே இருக்கு. 'விடு'தான் சொல்லித் தருவாங்க. பல்லு முளைச்சதும் முதப் பாடம் அதுதான்."

"இதுக்குத்தான் காது கேக்காதே."

"பக்கத்துல போய்ப் பிடரியில கை வைக்கணும்."

நான் கேட்டதென்ன, இவர் சொல்வதென்ன என்று வேலுத்தாய் மனசுக்குள் முனகிக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு விடியலில் கிழங்குத் தோட்டத்து வேலியைப் பிய்த்துக்கொண்டு காட்டுப்பன்றி வந்தது. தண்ணீர்த் தொட்டியடியில் நின்ற வேலுத்தாயைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தியது. அவள் பிள்ளையை நெஞ்சோடு நெரித்துக்கொண்டாள்.

வெள்ளையாக ஏதோ அவளைக் கடந்து போனது. குரைப்பில்லை, உறுமலில்லை. சங்கு பன்றியின் தொண்டையைக் கவ்வியது. பன்றி அதைச் சேற்றில் இழுத்து உலுக்கியது. கொம்புப் பல் நாயின் வயிற்றைக் கிழித்தது. சங்கு விடவில்லை. குடல் மண்ணில் சரிந்தது. அப்போதும் விடவில்லை.

பன்றி அடங்கிவிட்டது. பிடி மட்டும் அப்படியே இருந்தது.

சாமியம்மா ஓடி வந்தார்.

"பன்றி செத்துருச்சே," என்றாள் வேலுத்தாய். "இன்னும் ஏன் விடமாட்டேங்குது?"

"அதுகிட்ட யாரும் சொல்லலையே."

சாமியம்மா ரத்தச் சேற்றில் மண்டியிட்டு நாயின் பிடரியில் கை வைத்தார். தாடை திறந்தது. சங்கு அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தது. பிறகு மூச்சு நின்றுவிட்டது.

பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது வேலுத்தாய்க்கு அப்போதுதான் கேட்டது. அவள் விரல்கள் அவன் தொடையில் பதிந்து, அந்த இடம் கன்றிப் போயிருந்தது. அப்போதும் கை தளரவில்லை.

சாமியம்மா எழுந்தார். கையைக்கூடத் துடைக்கவில்லை. அவள் பின்னால் வந்து பிடரியில் அந்தக் கையை வைத்தார்.

வெகுநேரம் ஆயிற்று. பிள்ளையின் பாதம் ஈரமண்ணில் பட்டது.

"இன்னொண்ணு வந்தா, சாமியம்மா?"

"வரும்," என்றார் அவர். கையை எடுக்கவில்லை.