கூட இருந்தவன்

"பசங்க நான் சொல்றதைக் கேக்கவே மாட்டேங்கிறாங்கம்மா" என்றார் சடகோபன்.

குரு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

குருவின் பெயர் செங்கமலம். வயது முப்பத்தெட்டு. சீடர் சடகோபனுக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்து, ரிட்டயர் ஆன மறுமாதமே குன்றின் மேல் இருந்த அவர் குடிலுக்கு ஞானம் தேடி வந்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை சார் என்பார். முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய், பதினொன்றாம் வகுப்புக்குக் குடி பற்றியும் போதை மாத்திரை பற்றியும் பேசுவது சடகோபன் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. யாரும் அவரைக் கேட்கவில்லை.

"என்ன செய்றாங்க?" என்றார் குரு.

"சிரிக்கிறாங்க. கெட்டுப்போன ஈரல் படத்தைக் காட்டினா, 'கிலோ எவ்ளோ சார்'னு கேக்குறான் ஒருத்தன்."

குருவுக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சார், உங்களுக்கு என்ன வேணும்? நீங்க பேசுறதை அவங்க கேக்கணுமா? அவங்க நல்லா இருக்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

குரு அண்டாவைக் கவிழ்த்தார். அழுக்குத் தண்ணீர் ஓடிவந்து சடகோபனின் செருப்பை நனைத்தது.





அடுத்த வெள்ளிக்கிழமை சடகோபன் ஈரல் படத்தை எடுத்துப் போகவில்லை. குரலை எடுத்துப் போனார். முப்பது வருஷம் வராண்டாவையே காலி பண்ணிய குரல்.

"எவனாவது மாட்டினான், டி.சி.! கூட இருந்தவனுக்கும் டி.சி.! வேடிக்கை பார்த்தவனுக்கும் டி.சி.! அப்புறம் போலீஸ். அதுக்கப்புறம் எந்தக் காலேஜும் உங்களைச் சேர்க்காது. உங்க ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிட்டுத்தான் சொல்றேன்."

வகுப்பில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் குன்று ஏறி வரும்போது அவர் நடையே வேறு மாதிரி இருந்தது.

"இன்னிக்குக் கேட்டாங்கம்மா! ஒருத்தன் மூச்சு விடலை."

குரு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாராவது ஏதாவது கேட்டாங்களா?"

"ஒரே ஒருத்தன். டேவிட்ராஜ்னு கடைசி பெஞ்சு. 'மயங்கி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாலும் டி.சி.யா சார்'ங்கிறான். குசும்பு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவன் விழுற இடத்துல உனக்கு என்னடா வேலைன்னு கேட்டேன். கம்முனு உக்காந்துட்டான்."

குரு பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார். உள்ளே போய்விட்டார்.

பசி இல்லை போல என்று சடகோபன் நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.



செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் போன் பண்ணினார்.

பதினொன்றாம் வகுப்புப் பூபதி. மூடிக் கிடக்கும் ரைஸ்மில்லுக்குப் பின்னால், வாயோரம் நுரையோடு கிடந்தான். மத்தியான பெல் அடித்ததும் போனவன். ஆடு மேய்த்த அக்கா ஒருத்தி பார்த்துக் கத்தி, ஆள் சேர்ந்து தூக்கியபோது மணி மூன்று. அவன் பக்கத்தில் மண்ணில் மூன்று சைக்கிள் தடம் இருந்தது. சைக்கிள்கள் இல்லை.

குருவும் சடகோபனும் ஷேர் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 

பூபதியின் அம்மா வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். செங்கல் சூளையிலிருந்து நேராக ஓடி வந்திருக்கிறாள். கையெல்லாம் செம்மண்.

"என்னத்தத் தின்னான்னு கேக்குறாங்க சார். எனக்கு என்ன தெரியும்? காலைல பழையது குடிச்சான். அதைத்தான் சொன்னேன்."

டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர். சட்டை நனைந்திருந்தது.

"பீர் வாடை வருது. ஆனா அது மட்டும் இல்லை, மாத்திரை ஏதோ போட்டிருக்கான். என்ன மாத்திரை, எத்தனை, எப்போ, இது தெரியாம நான் இருட்டுல தடவிக்கிட்டு இருக்கேன். கூட இருந்தவன் எவனாவது இருந்தா கூட்டிட்டு வாங்க. இன்னும் நேரம் இருக்கு. நிறைய இல்லை."

கூட இருந்தவர்கள் தூரத்தில் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றார்கள். மூன்று பேர், யூனிஃபார்மோடு. நடுவில் டேவிட்ராஜ்.

சடகோபன் வேகமாகப் போனார். போகும்போதே சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். அவருக்கே தெரியாமல் கை செய்த வேலை அது. முப்பது வருஷமாக எந்த விசாரணையும் பேர் எழுதுவதில்தான் ஆரம்பித்திருக்கிறது.

"யார் யாருடா இருந்தீங்க? ஒவ்வொருத்தனா பேரைச் சொல்லு."

"நாங்க இல்லை சார். சும்மா பார்க்க வந்தோம்."

"பொய்."

"சரி சார், பொய்" என்றான் டேவிட்ராஜ். வாயை மூடிக்கொண்டான். மற்ற இருவரும் சைக்கிள் பெடலைப் பார்த்தார்கள்.

"டேய், அங்க ஒரு உயிர் கிடக்குடா!"

மூன்று பேரும் பெடலையே பார்த்தார்கள்.

பின்னாலிருந்து குரு வந்தார். சடகோபனின் விரல்களுக்கு நடுவில் இருந்த பேனாவை உருவினார். மூடி போட்டார். தன் கொண்டையில் செருகிக்கொண்டார். நோட்டுக்குக் கையை நீட்டினார். சடகோபன் கொடுத்தார்.

குரு அதை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் போய்ப் பூபதியின் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.



சடகோபனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் கட்டினார். பிரித்தார். கடைசியில் ஒரு சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் கேக்குறாருடா" என்றார். குரல் வழக்கமான குரலாக வரவில்லை.

"தெரியும் சார். அவரு வெளிய வந்து வந்து கேக்குறது எங்களுக்கும் கேக்குது."

"எப்போலருந்து நிக்கிறீங்க?"

"அவனைக் கொண்டு வந்ததுலருந்து."

"உள்ள வந்திருக்கலாம்ல?"

"வந்தா பேரு எழுதுவாங்க. இவனுக்கு அப்பா இருக்காரு, தோலை உரிச்சிடுவாரு. எனக்கு டி.சி. குடுத்தா எங்க அம்மா..." டேவிட்ராஜ் அதை முடிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"அப்புறம் எதுக்குடா இங்க நிக்கிறீங்க?"

"பூபதி எங்க ஃப்ரெண்டு சார்."

இது கூடவா தெரியாது என்கிற மாதிரி சொன்னான்.

"ஃப்ரெண்டைப் போட்டுட்டு ஓடுனீங்களேடா."

"நீங்கதானே சார் சொன்னீங்க."

அவன் குத்திக் காட்டவில்லை. கோபமும் இல்லை. கணக்கு வாத்தியார் கேட்ட ஃபார்முலாவைத் திருப்பி ஒப்பிப்பது போலத்தான் சொன்னான்.

சடகோபன் சைக்கிள் சீட்டை விடவில்லை. ஆம்புலன்ஸ் ஒன்று கேட்டுக்குள் வந்து, திரும்பி, நின்றது. அதிலிருந்து யாரோ இறங்கினார்கள். அவர் அதைப் பார்த்தார், ஆனால் பார்க்கவில்லை.

கேட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்கள்.

"டேவிட்" என்றார். "மாத்திரை பேரை மட்டும் என் காதுல சொல்லு. நான் போய்ச் சொல்லிக்கிறேன்."

"யாரு சொன்னான்னு கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும். அது என் பாடு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டேவிட்ராஜ் எட்டி அவர் காதில் சொன்னான். சொல்லும்போது அவன் வாயிலும் பீர் வாடை அடித்தது. சடகோபன் முகத்தைத் திருப்பவில்லை.

வார்டு மேஜையில் நர்ஸ் கணக்குப் பேரேடு மாதிரி ஒரு பெரிய நோட்டோடு உட்கார்ந்திருந்தார். சடகோபன் மாத்திரையின் பேரைச் சொன்னார். நர்ஸ் உள்ளே பார்த்து அதைக் கத்தினார். உள்ளே ஓடும் சத்தம் கேட்டது.

"யாரு சொன்னது?" என்றார் நர்ஸ், எழுதிக்கொண்டே. "கூட இருந்தது யாரு?"

"நான்தான்."

நர்ஸ் நிமிர்ந்தார். எதிரே வெள்ளை மீசை. கஞ்சி போட்ட வேட்டி. மூக்குக் கண்ணாடி.

"யாரு?"

"நான்தாம்மா. ரைஸ்மில்லுக்குப் பின்னால. எழுதிக்கோங்க. சடகோபன், வயசு அறுபத்தொண்ணு."

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. இரண்டு காதும் சிவந்துவிட்டன.

"ஏங்க, இந்த வயசுல..." நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சரி, வேகமா சொல்லுங்க. எத்தனை போட்டான்? எத்தனை மணிக்கு?"

சடகோபன் வாயைத் திறந்தார்.

அதை அவர் டேவிட்ராஜிடம் கேட்கவே இல்லை.

"கூடத்தானே இருந்தீங்க? எத்தனைன்னு தெரியாதா? டாக்டர் நிக்கிறாரு பாருங்க!"

உள்ளே திரைச்சீலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர் நின்றார். தரையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டாள். சடகோபன் அந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"முக்கால் அட்டை, அக்கா" என்றான் டேவிட்ராஜ். "ஒண்ணே முக்காலுக்கு. சாரு அங்க இல்லை. நான்தான் கூட இருந்தேன்."