இரண்டு ஊர்களின் விலை

பிராட்டிஸ்லாவா ரயில் நிலையத்திலிருந்து ஒரு பக்கம் போனால் வியன்னா. மறுபக்கம் போனால் புடாபெஸ்ட். முதுகில் பையுடன் தமிழர் இருவர் அங்கே நின்றிருந்தனர்.

ஒருவர் சிவக்கொழுந்து அடிகள். அவ்வூரில் வாழும் சில தமிழ்க் குடும்பங்களுக்குச் சொற்பொழிவாற்ற வந்தவர். மற்றவர் அவருடைய சீடர் மருதப்பர். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயதில் குருவுக்கு மூத்தவர். ஊர் திரும்பும் விமானத்திற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களை எங்கே கழிப்பது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை அடிகள் அவரிடம் விட்டிருந்தார்.

"புடாபெஸ்ட்தான் சுவாமி. அங்கே விடுதியில் ஒரு கட்டிலுக்குக் கேட்பது வியன்னாவில் கேட்பதில் பாதி."

"தனி அறையா, கூடமா?"

"கூடத்தில் ஒரு கட்டில். அதுவும் அடுக்கில் மேலே இருக்கும் மாடிக் கட்டில்தான் கிடைக்கும்."

"நான் ஏறிவிடுவேன். நீர் ஏறுவீரா?"

"ஏறித்தானே ஆகவேண்டும்? சமையலறை உண்டு, சோறு பொங்கிக்கொள்ளலாம். தயிர் மலிவு. வெந்நீர்க் குளங்களும் இருக்கின்றன."

"நம் இருவர் அழுக்குக் கோலத்தையும் பார்த்துத்தான் குளத்தைச் சொல்கிறீரா?"

மருதப்பர் சிரித்தார். சிரிப்பு குளிரில் நடுங்கியது. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றே அவர் மேலிருந்தது.

"வியன்னாவில் எதுவுமே மலிவில்லையா?"

"குழாய்த் தண்ணீர் சுவாமி. மலையிலிருந்து வருகிறதாம். அது இலவசம்."

மருதப்பர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. வியன்னாவில் அவருடைய தமக்கை வடிவாம்பாள் இருந்தாள். தாய் இறந்தபோது அவள் வரவில்லை. கணவரை அறுவை சிகிச்சைக்குச் சேர்த்திருந்ததாகச் சொன்னாள். அந்தக் காரணம் மருதப்பருக்குப் போதவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அடிகளும் இதை அறிவார்.

"உம் பையைக் கொடும்" என்றார் அடிகள்.

வாங்கியவர் கை தாழ்ந்தது. "இரண்டு வேட்டிக்கு இவ்வளவு கனமா?"

அடிகள் பையைத் திறந்து, வேட்டிக்குள் பொதிந்திருந்ததை எடுத்தார். கைப்பிடியின் உச்சியில் நந்தி அமர்ந்த வெண்கலக் கைமணி. பூசை நேரமன்றி ஒலிக்கலாகாது என்று, வெளியூர் கொண்டுபோகையில் மணியின் நாவைத் துணியால் கட்டுவது மருதப்பர் வீட்டு வழக்கம். இதையும் அப்படியே கட்டியிருந்தார்.

"அம்மாவின் மணி. வடிவுக்குக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனாள்."

"விமான நிலையத்தில் எடை மிகுதி என்றார்களே. அப்போது எதை வெளியே எடுத்தீர்?"

"கம்பளிச் சட்டையை."

"அதனால்தான் நடுங்குகிறீர்."

அடிகள் துணியை அவிழ்த்து மணியை ஒருமுறை அசைத்தார். நடைமேடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"சுவாமி, நீங்களே சொல்லுங்கள். எந்த ஊர் மலிவு?"

"புடாபெஸ்ட்தான். நீர் பார்த்ததில் பிழையில்லை. இந்த மணியைத் திருப்பிச் சுமக்கும் கூலி ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. அதையும் சேர்த்துக்கொண்டு டிக்கெட் வாங்கும்."

அடிகள் மணியைப் பையில் வைத்தார். துணி அவர் கையிலேயே இருந்தது.

புடாபெஸ்ட் வண்டி வந்து நின்றது. ஏறுவோர் ஏறினர். மருதப்பர் நகரவில்லை. வண்டி போனது.

அவர் அடிகள் பக்கம் திரும்பினார். "அவள் கதவைத் திறக்காவிட்டால்?"

"இலவசத் தண்ணீர் இருக்கிறதே. குடித்துவிட்டு விடுதிக்குப் போவோம். மாடிக் கட்டிலில் உம்மை நான் ஏற்றிவிடுகிறேன்."

மருதப்பர் வியன்னாவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்தார். பையைத் தோளில் மாட்டினார். உள்ளே மணி ஒலித்தது. அடி வைக்க வைக்க ஒலித்தது. அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"எல்லோரும் பார்க்கிறார்கள் சுவாமி. அந்தத் துணியைக் கொடுங்கள், நாவைக் கட்டிவிடுகிறேன்."

"மணி யாருடையது?"

"அக்காவுடையது."

"அப்படியானால் அவளைக் கேட்டுவிட்டுக் கட்டும்."