மேற்குச் சன்னல்

மடத்துத் தலைவி நிறைமதிக்கு நாற்பத்தொரு வயது. அவருடைய சிஷ்யை கனகாம்புஜத்துக்கு அறுபத்துமூன்று. ஆனாலும் கனகாம்புஜம்தான் அவரை 'அம்மா' என்பாள்.

அன்று காலை ஒரு வெற்று இன்லண்ட் கடிதத்துடன் வந்து நின்றாள்.

"எம் மகனுக்கு ரெண்டு வரி எழுதுங்கம்மா. நீங்க சொன்னா என்னைத் திரும்பச் சேத்துக்குவான்."

"எதுக்குப் போகச் சொன்னார்?"

"அதுதான் இன்னிக்கு வரைக்கும் புரியல. அவன் சட்டையை இஸ்திரி போடுறதுலேர்ந்து மருமகளுக்குத் தலை பின்னிவிடுறது வரைக்கும் நானே பாத்தேன். அவங்க மேல வெயில்கூடப் படவிடல. மூச்சு முட்டுதும்மாங்கிறான். பக்கத்துத் தெருவுல தனி வீடு பாத்துத் தர்றானாம். எனக்கு! தனி வீடு!"

"எழுதறேன். வெளிச்சம் பத்தல. அந்தச் சன்னலைத் திறங்க."

கனகாம்புஜம் தாழை நீக்கித் தள்ளினாள். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினாள். அப்போதும் இல்லை.

வெளியே சுற்றிக்கொண்டு போனாள். ரங்கூன் மல்லிக் கொடி சன்னல் கதவுகளின் குறுக்கே விரல் தடிமனுக்கு முறுக்கியிருந்தது. நிறைமதியின் அறைக்கு மேற்கு வெயில் தாங்கவில்லையென்று மூன்று வருடத்துக்கு முன்பு அவள் நட்டதுதான். சுவரிலிருந்து நாலடி தள்ளிப் பந்தல் போடச் சொன்னார் கொத்தனார். நிழல் அறைமேல் விழாமல் எங்கோ விழும் என்று சொல்லி அவள் அதைக் கேட்கவில்லை. கூரைக் கட்டையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள். தினமும் அரிசி கழுவிய நீரை ஊற்றினாள்.

ஒரு கொடியைப் பிடித்து இழுத்தாள். ஓடு ஒன்று சரிந்து காலடியில் உடைந்தது. ஓடுகளுக்கு அடியிலெல்லாம் தளிர் புகுந்திருந்தது.

உள்ளே வந்து, முதல் தடவையாகச் சுவரைப் பார்த்தாள். கூரையிலிருந்து தரைவரை கறுப்பாக ஈரம். நிறைமதியின் பாய் எதிர்மூலைக்கு நகர்ந்திருந்தது.

"எப்பலேர்ந்தும்மா ஒழுகுது?"

"போன வருஷத்து முதல் மழையிலேர்ந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"தினம் சாயங்காலம் வந்து, 'குளுகுளுன்னு இருக்காம்மா?'ன்னு சிரிச்சுக்கிட்டே நிப்பீங்க. என்னன்னு சொல்றது?"

கனகாம்புஜத்தின் முகம் சுருங்கியது.

"இப்பவே வேரோட வெட்டிடறேன்."

"கட்டை உளுத்துப்போச்சு. இப்ப கூரையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதே உங்க கொடிதான். வெட்டினா மொத்தமா இறங்கிடும்."

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

நிறைமதி கடிதத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கூரையை நான் பாத்துக்கறேன். அம்மா வர்றாங்கன்னு உங்க மகனுக்கு எழுதறேன். எத்தனை அடி தள்ளி இருப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

மூன்று நாள் கழித்தும் அந்தக் கடிதம் வெறுமையாகவே கிடந்தது.